எல்லைப்பக்கத்து வீடில்லாக் குடும்பங்கள்: பிள்ளைகளுக்குத் துணை நிற்கப் புதிதாக வருபவர்களுக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் புதிதாக வரும் ஆசிரியர்களும், படிப்பு முடித்த கையோடு சேவைக்கு வரும் இளைஞர்களும் என்னிடம் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "இந்தப் பிள்ளைங்களை எந்த ஹோம்ல சேர்க்கறதுங்க?"

எந்த ஹோமிலும் வேண்டாம். அம்மா அப்பாவோடு இருக்கிற பிள்ளை அவர்களோடேயே இருக்கட்டும். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் விடுதியைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குடும்பம் இந்த மாதம் தோப்பில் படுத்தாலும் அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டில் படுத்தாலும் பிள்ளையின் பள்ளிக்கூடம் அறுந்துபோகாமல் பார்ப்பதுதான் நம் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். இந்த வரிசையில்தான் எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா எனக்குப் பழக்கம், அதனால் ஊர்ப் பெயர்களெல்லாம் அங்கிருந்துதான் வரும். குமுளி, ஆரியங்காவு பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

யாரைத் தேடுவது

வீடில்லாதவர் என்றதும் ஒலவக்கோட்டில் பாலக்காடு ஜங்ஷன் வாசலுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். அங்கே படுப்பவர்கள் கண்ணில் படுகிறார்கள், சரி. தோட்டத்துச் சாளையில் இருக்கும் குடும்பத்தை யாரும் வீடில்லாதவர் என்று நினைப்பதில்லை. ஆனால் தென்னந்தோப்பு வேலை முடிந்த அன்றே அந்தச் சாளையும் முடிந்தது. செங்கல் சூளைக் கொட்டகை, கட்டடம் எழும்பும் இடத்தில் தகரம் அடித்த அறை, நெல்லியாம்பதி எஸ்டேட் பாடி (தொழிலாளர் லயன் வீடு) எல்லாமே இதே கதைதான். கூலி கொடுப்பவரே கூரையும் கொடுக்கிறார், ஒன்று போனால் இன்னொன்றும் போகும்.

முதலமடைப் பக்கம் மாங்காய் சீசன் ஜனவரி வாக்கில் சூடு பிடித்து மே வரை ஓடும். தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் தோப்புக்குள்ளேயே தார்ப்பாய் கட்டித் தங்குகின்றன. பள்ளி நாள்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள்: முழுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு பிள்ளை இங்கே வருகிறது, பள்ளி திறக்கும் நேரத்தில் திரும்பிப் போகிறது. வருஷா வருஷம் இப்படி நடந்தால் ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நிற்காமல் என்ன செய்யும்? அப்புறம் ஆக்ரி (பழைய சாமான்) பொறுக்குபவர்கள், ஊர் ஊராகப் பாசிமணி விற்பவர்கள், வாடகை கட்ட முடியாமல் சாமானோடு வெளியே வந்தவர்கள். கடைசியாகச் சொன்னவர்கள் மறைவாகவே இருப்பார்கள். சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாதம், கோயில் மண்டபத்தில் ஒரு வாரம் என்று நாள் ஓடும்.

முதலில் பேச்சு

படிவத்தோடு போகாதீர்கள். கையில் காகிதமும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வருபவரைப் பார்த்தால், இடத்தைக் காலி செய்யச் சொல்ல வந்தவர் என்றுதான் அந்தக் குடும்பம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் போனால் அடுப்புக்கல் மட்டும் இருக்கும். போட்டோவும் வேண்டாம். உங்கள் முகநூலுக்கு ஒரு படம் கிடைக்கும், அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

மாலையில், உலை வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள். "ஏனுங்க்கா, பாப்பா எத்தனாவது படிக்கறா?" என்று ஆரம்பித்தால் போதும். "ஆதார் இருக்குதா?" என்றோ "ஏன் வீடில்ல?" என்றோ ஆரம்பிக்க வேண்டாம். அந்த அம்மா, "போன தையி வரைக்கும் போனாளுங்க சார், இங்க வந்ததும் நின்னு போச்சு" என்பார். இந்த ஒரு வரியில் உங்களுக்கு வேண்டிய பாதி இருக்கிறது. பிள்ளை முன்பு ஏதோ ஒரு பள்ளியில் இருந்திருக்கிறாள், அங்கே அவளுக்கு ஒரு பதிவு இருக்கும், அவளை நிறுத்தியது ஊர் மாறியதுதான். அடுத்து, எந்த ஊர்ப் பள்ளி, டீச்சர் பெயர் என்ன என்று கேளுங்கள். இதைப் பெற்றவர்களைவிடப் பிள்ளையே தெளிவாகச் சொல்லும்.

கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எட்டு வயது அக்கா இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றால், அவள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் அந்தத் தம்பிதான். அவனுக்கு மூன்று வயது ஆகியிருந்தால் முதலில் அவனை அங்கன்வாடியில் சேருங்கள். அக்கா தானாக வந்துவிடுவாள். பெற்றோருக்குக் கல்வியின் மகிமையை மணிக்கணக்கில் எடுத்துச் சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

பள்ளிக்கூடம் இன்றைக்கு, காகிதம் அப்புறம்

எல்லையில் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கேரளப் பக்கத்துப் பள்ளியில் "டிசி வாங்கிட்டு வாங்க" என்பார்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் "பையன் பேரே எடுத்தாச்சே" என்பார்கள். நடுவில் இரண்டு மாதம் ஓடிவிடும்.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் மூன்று நான்கு பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது (பிரிவு 5). வயதுச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது (பிரிவு 14). ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் (பிரிவு 15). பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது அந்த ஊர் உள்ளாட்சியின் கடமை (பிரிவு 9). இன்று இரவு பிள்ளை எந்த ஊராட்சியில் படுக்கிறதோ அந்த ஊராட்சிதான் பொறுப்பு. பூர்வீகம் பொள்ளாச்சியா திண்டுக்கல்லா என்பது இதில் வராது.

தலைமையாசிரியரிடம் போய்ச் சட்டம் பேசினால் வேலை ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் கணினிப் பதிவில் பெயர் ஏற்ற வேண்டிய தலைவலி இருக்கிறது. பழைய பள்ளியிலிருந்து ஒரு எண்ணை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: தமிழ்நாட்டுப் பள்ளியென்றால் எமிஸ் எண், அதோடு நாடு முழுக்கச் செல்லும் நிரந்தரக் கல்வி எண். பழைய பள்ளி டீச்சரைப் போனில் பிடித்தால் ஐந்து நிமிட வேலை. அது கையில் இருந்தால் தலைமையாசிரியரின் முகமே மாறும். அப்படியும் இழுத்தடித்தால் கேரளத்தில் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகம் அல்லது பி.ஆர்.சி. (வட்டார வள மையம்), தமிழ்நாட்டில் வட்டாரக் கல்வி அலுவலர் அல்லது வட்டார வள மையம். மனுவை எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.

வயதுச் சான்றுக்கு அங்கன்வாடிப் பதிவேடு, ஆஸ்பத்திரி அல்லது நர்ஸ் பதிவேடு, எதுவுமே இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும்.

எந்த வகுப்பு? வயதுக்கு ஏற்ற வகுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. பிரிவு 4 அந்த வயது வகுப்பிலேயே சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. பதினாலு வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை அந்த உரிமை இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைகளின் நடுவே தலை உயர்ந்து உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையன் ஒரு வாரம் தாங்கமாட்டான். ஆக்ரி மூட்டையோடு போய்விடுவான்.

தமிழா மலையாளமா

சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் இருக்கின்றன. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் பாலக்காடு நகரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் தமிழ் வழி கிடைப்பது கஷ்டம்.

என் கணக்கு இப்படி. மூன்றாம் வகுப்பு வரை, பக்கத்தில் எந்தப் பள்ளியோ அதில் சேருங்கள். சின்னப் பிள்ளைகள் மலையாளத்தை விளையாட்டிலேயே பிடித்துவிடும். ஏழு, எட்டுக்கு மேல் தமிழ் வழியை விடாதீர்கள், ஒரு பஸ் பிடிக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. நடுவில் இருக்கும் வகுப்புகளுக்கு, குடும்பம் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். காரணம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். ஆறு வருஷம் மலையாளம் மட்டும் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் உடுமலைக்குத் திரும்பினால், வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசினாலும் தமிழ்த் தாளில் தோற்கும். ஆகவே மலையாளப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கும் வாரம் இரண்டு மாலை தமிழ் எழுத்து சொல்லிக் கொடுங்கள். புதிதாக வரும் தன்னார்வலர் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து இல்லை.

பணக் கணக்கும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தமிழ்ப் புதல்வன் பையன்களுக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடையில் இரண்டு வருஷம் எல்லை தாண்டிப் படித்தால் அது கைவிட்டுப் போகலாம். சொந்த ஊரில் பாட்டி வீடு இருக்கிற குடும்பத்திடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவு அவர்களுடையது.

சேர்த்த பிறகு

சேர்ப்பதைவிட நிலைக்க வைப்பதுதான் வேலை. ஜூனில் பள்ளி திறக்கும்போதே பாலக்காட்டில் மழை இறங்கிவிடும். தார்ப்பாய்க்குள் ராத்திரி முழுக்கத் தண்ணீர். நோட்டு ஊறி எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்திருக்கும். சீருடை ஒரே ஜோடி, அதுவும் விறகுப் புகை நாற்றத்தோடு பாதி ஈரம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மூக்கைப் பொத்தும். டீச்சர் "குளிச்சிட்டு வரமாட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் அன்றோடு முடிந்தது.

அப்படி ஒரு பெண் பிள்ளை ஒரு பள்ளியில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்பட்டு வராமலே நின்றாள். வேறு பள்ளிக்கு மாற்றினோம். அங்கே டீச்சர் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆபீஸ் அறை பீரோவில் அவளுக்கு ஒரு தட்டு ஒதுக்கினார். புத்தகம், நோட்டு, ஒரு ஜோடிச் சீருடை, சீப்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் அதில். காலையில் அரை மணி முன்னால் வந்து, குழாயடியில் முகம் கை கால் கழுவி, உடை மாற்றி, தலை பின்னிக்கொண்டு வகுப்புக்குப் போவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஒரு தட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரிய பெண்களுக்கு நாப்கினும் அதிலேயே இருக்கட்டும்.

வீட்டுப்பாடத்துக்கு வெளிச்சம் வேண்டும். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை உண்டு, சாயங்காலம் திறந்திருக்கும், பெஞ்சும் விளக்கும் இருக்கும். அங்கே இருக்கும் சேட்டனிடம் நீங்களே கூட்டிப்போய் அறிமுகம் செய்து வையுங்கள். பிள்ளை தனியாகப் போனால் வாசலிலேயே நின்றுவிடும்.

சாப்பாடு, ஊசி

இது சுலபமான பகுதி. அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் சத்துணவு உண்டு. கேரளத்தில் மூன்று வயதுக்குக் கீழே குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் அம்ருதம் மாவு, தமிழ்நாட்டில் சத்துமாவு. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு இரண்டு மாநிலத்திலும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது.

ரேஷன் விஷயம் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு அட்டையில் பி.எச்.எச். அல்லது பி.எச்.எச். ஏ.ஏ.ஒய். என்று போட்டிருந்தால், கேரள ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். பி.எச்.எச். என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ. பருப்பு, எண்ணெய், சர்க்கரை கிடைக்காது. தடுப்பூசிக்கு எந்த முகவரியும் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவின் தாய் சேய் அட்டையோடு போங்கள். அட்டை தொலைந்திருந்தால் ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியைப் பிடியுங்கள், புதிது போட்டுத் தருவார்.

காகிதங்கள், ஒவ்வொன்றாக

பிறப்புச் சான்று பிறந்த இடத்தில்தான். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் இங்கேயே, பழனியில் பிறந்திருந்தால் பழனியில். 21 நாளுக்குள் பதிந்திருந்தால் நகல் எடுக்கும் வேலை மட்டும்தான். பதியாமல் ஒரு வருஷம் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இழுக்கும், ஆனால் நடக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படைச் சான்று என்று சட்டம் மாறியிருக்கிறது. அதனால் கைக்குழந்தைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆதாருக்கு முகவரி இல்லையா? ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் தாசில்தாரோ கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். மூன்று மாதம் செல்லும். ஐந்து வயதிலும் பதினைந்திலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் பின்னால் எல்லாம் சிக்கும். உண்மையில் அதிகம் சிக்குவது போன் எண்தான். ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்துப்போகும், ஓ.டி.பி. யாரோ ஒருவருக்குப் போகும். மாறாத எண் உள்ள தாய்மாமன் எண்ணையோ பாட்டி எண்ணையோ கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். நாளைக்கு நீங்களும் ஊர் மாறுவீர்கள்.

சாதிச் சான்று பூர்வீக மாநிலத்தில் வாங்க வேண்டியது. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பவர் கேரளத்தில் அதே சலுகையைக் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர் 2023 ஜனவரியில் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். பழைய சான்று வைத்திருப்பவர்களைப் புதிது வாங்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுங்கள், ஒன்று அம்மாவிடம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், இன்னொன்று பள்ளியில்.

பதினாலு தாண்டியவர்கள்

கல்வி உரிமைச் சட்டம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகிறது, பையன்களும் இங்கேதான் நழுவுகிறார்கள். கையில் காசு பார்த்த பதினைந்து வயதுப் பையனை "தம்பி, படிப்பு முக்கியம்" என்று கூப்பிட்டால் சிரிப்பான். பதினெட்டு வரை அபாயகரமான தொழிலில் வைக்கச் சட்டம் தடை செய்கிறது என்பதை முதலாளியிடம் சொல்லுங்கள். பையனிடம் வேறு மாதிரி பேச வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினாலு முடிந்தவர் பத்தாம் வகுப்பு எழுதலாம், தினமும் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, பாடம் பாடமாக எழுதித் தேறலாம். பத்து முடித்தால் ஐ.டி.ஐ. கதவு திறக்கும். "வெல்டிங் கடையில எடுபிடியா இருக்கறியா, வெல்டரா இருக்கறியா?" என்று கேட்டுப் பாருங்கள், காது கொடுப்பான்.

பெண் பிள்ளைகளுக்கு விஷயம் வேறு. திறந்த இடத்தில் வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கப் பெற்றவர்களுக்குப் பயம், உடனே கல்யாணப் பேச்சு வந்துவிடும். ஹாஸ்டல் என்று நான் வாய் திறப்பது இந்த இடத்தில் மட்டும்தான். அரசு நல விடுதிகள், கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா போன்றவற்றை அம்மாவையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அம்மாவும் மகளும் சம்மதித்தால் மட்டும், லீவுக்கு வீடு திரும்பும் ஏற்பாட்டோடு.

பதினெட்டு ஆனதும் வாக்காளர் பட்டியலில் பெயர். வீடில்லாதவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6-இல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் பார்த்து உறுதி செய்வார்.

ஆபத்து என்றால்

பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், பிச்சைக்கு வைத்திருக்கிறார்கள், கூட ஆள் யாருமில்லை என்றால் 1098. எந்த நேரமும் அழைக்கலாம். முதலில் மாவட்டத்தையும் ஊரையும் சொல்லுங்கள், கோவையா பாலக்காடா என்ற குழப்பத்தில் நேரம் போகக் கூடாது. மீட்கப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இரக்கப்பட்டு உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகவே கூடாது.

பாலியல் தொல்லை என்று தெரிந்தால், சந்தேகம் வந்தால்கூட, போக்சோ சட்டப்படி போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். நீங்களே பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதே வார்த்தையில் எழுதி வையுங்கள். ஊரிலும் வாட்ஸப் குழுவிலும் பெயர் வெளியே வரக் கூடாது.

வறுமை மட்டும் ஆபத்து ஆகாது. தார்ப்பாய்க்குள் இருக்கிறார்கள் என்பதற்காக 1098-ஐ அழைப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் குடும்பம் அடுத்த ராத்திரியே எல்லை தாண்டிவிடும். கணவன் இல்லாத அம்மா, நோயில் விழுந்த அப்பா என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா உதவித்தொகைக்கு மனு போடுங்கள். பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000.

குடும்பம் கிளம்பும்போது

கிளம்பிவிடுவார்கள், அதற்குக் கோபிக்காதீர்கள். சீசன் முடியும் மாதத்துக்கு முன்பே அம்மாவிடம் அடுத்த ஊர் எது என்று கேட்டு வையுங்கள். நிரந்தரக் கல்வி எண்ணைப் பிள்ளையின் நோட்டு அட்டையின் உள்பக்கமும் அம்மாவின் போனிலும் எழுதி வையுங்கள். டிசியைக் கையோடு வாங்கிக் கொடுங்கள், முடியாவிட்டால் படிக்கும் சான்றாவது. அந்த ஊர் அரசுப் பள்ளியின் போன் எண்ணைத் தேடிப் பிடித்து, "இன்ன தேதிக்கு இன்ன வகுப்புப் பிள்ளை ஒண்ணு வருதுங்க டீச்சர், தமிழ் வாசிப்பா, கணக்குல கழித்தல் வரைக்கும் வந்திருக்கா" என்று நீங்களே பேசுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, வந்து சேர்ந்தாளா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் பாட்டி எண்ணுக்குப் போடுங்கள்.